நெமேயாவுக்குத் துக்கம் கேட்கப் போனேன்

சாராயக் கடை இருக்கிற தெருவில்கூட நான் நடக்க மாட்டேன். சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போவேன். கோவை கணபதியில் இருபத்தெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவன் எவனும் மறுநாள் என் பட்டறையில் நின்றதில்லை. அப்பேர்ப்பட்டவள் போன புரட்டாசியில் கிரீஸ் நாட்டில் ஒரு பழைய ஒயின் ஆலையைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வாங்கினேன். ‘நான்கு வகை ஒயின் ருசி பார்த்தல் உட்பட’ என்று அதில் போட்டிருந்தது.

என் தம்பி தங்கராசு அந்த ஆலையில்தான் இருந்தான். அவனோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மார்கழியில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் கட்டிக்கொண்ட கிரேக்கப் பெண் எலேனி, என் மகள் கவிதாவுக்கு நாலு வரி எழுதியிருந்தாள். மாரடைப்பு. எரித்தாயிற்று. சாம்பல் என்னிடம் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் சொல்லவும். அவ்வளவுதான். அந்தச் சாம்பலைக் கொண்டுவந்து பேரூரில் கரைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்பாவையும் அம்மாவையும் நொய்யலில் அங்கேதான் விட்டோம். விசா கைக்கு வர எட்டு மாசம் ஆனது. ‘வரலாமா’ என்று எலேனிக்கு மூன்று தடவை எழுதினோம். பதில் இல்லை.

“டூருக்கு சீட்டு போட்டரலாங்கம்மா,” என்றாள் கவிதா. “சீட்டு வாங்கிட்டு வர்றவங்களை வாசல்ல நிறுத்த மாட்டாங்க. உள்ள போயிட்டு அப்பறம் பேசிக்கலாங்க.”

“துக்கம் கேக்கறதுக்கு சீட்டு வாங்கிட்டுப் போறதா? நல்லாத்தான் இருக்குது கண்ணு.”

“வேற வழி இருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

சரி, போடு என்றேன்.

ஏன் பேசாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கப்பா குடித்தே செத்தவர். அப்போது எனக்குப் பதினேழு, தம்பிக்குப் பதினொன்று. கடை வாசலில் விழுந்து கிடப்பவரை நான் தோளில் சாய்த்துக் கூட்டி வருவேன். அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது தங்கராசுவின் வேலை. ஒற்றைச் செருப்பு தொலைந்தாலும் திரும்பிப் போய்த் தேடி எடுத்துக்கொண்டுதான் வருவான். அப்படி வளர்ந்த பையன், வேளாண் கல்லூரியில் படித்து, வெளிநாடு போய், ஒயின் செய்கிற இடத்தில் வேலை, அந்த ஆலைக்காரர் வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? வாசலைத் தாண்டி உள்ளே விடவில்லை. “ஊரைக் குடிக்க வெக்கறவன் எனக்குத் தம்பியே இல்லே” என்றேன். அவன் கேட் வரைக்கும் போய்த் திரும்பி நின்று, “வாரேங்க்கா” என்றான். எங்கள் பக்கம் யாரும் ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். ‘வாரேன்’தான். ஜென்மப் பகையாளி சொன்னாலும் ‘போயிட்டு வா’ என்று பதில் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

பெட்டி கட்டும்போது தாராபுரத்திலிருந்து பெரியம்மா மகன் வந்திருந்தான். “உசுரோட இருந்தப்பப் பேசாதவங்க, இப்பச் சாம்பலுக்குப் போறீங்களாக்கும்?” என்றான். கையில் இருந்த டம்ளரை அவன் மேல் எறிந்திருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெட்டியில் நாலு சேலை, இரண்டு பொட்டலம் அரிசிம்பருப்பு, மஞ்சள் துணியில் சுற்றிய புது எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்று. கோவை விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த பெண் “உள்ள என்னங்க?” என்று கேட்டாள். “போகும்போது ஒண்ணுமில்லீங்க” என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, மூடியை அழுத்திச் சாத்தி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

ஏதென்ஸில் முதல் நாள். வெயில் நம் பங்குனி மாதிரி காய்ந்தது, ஆனால் வேர்க்கவில்லை. ஊரே மலை உச்சியில் இருக்கும் பழைய கோயிலைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. நான் கீழேயே உட்கார்ந்துகொண்டேன். துக்கத்துக்கு வந்தவளுக்குக் கோபுர தரிசனம் எதற்கு? சாப்பாட்டுக் கடையில் கறி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று கையை ஆட்டியதும் கடைக்காரர் “நோன்பா?” என்று கேட்டார். அவர்களுக்கும் அப்படி நாட்கள் நிறைய உண்டாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டி வேகவைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து கொண்டுவந்து வைத்தார். தொண்டாமுத்தூரில் எத்தனை திராட்சைத் தோட்டம் பார்த்திருக்கிறேன், அந்த இலையைத் தின்னலாம் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. உப்பு கொஞ்சம் தூக்கல். நாலு சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை. ஆலை இருக்கிற நெமேயாவுக்குப் பஸ் ஏறினேன். கொரிந்த் கால்வாய்ப் பக்கம் ஒரு ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அவர்கள் வேறு வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நான் ஏற வேண்டிய பஸ், நான் தூக்குப்போசிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்தது மூன்று மணி நேரம் கழித்துத்தான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இப்படி ஆகியிருந்தால் கண்டக்டரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அங்கே யாரைத் திட்டுவது, எந்த மொழியில் திட்டுவது?

காலிப் பழப்பெட்டிகள் அடுக்கிய ஒரு பிக்கப் வண்டிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபது வயசுக்காரர், பெயர் யோர்கோஸ். முன்பு கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தவராம். அவருக்குத் தெரிந்தது கப்பல் இங்கிலீஷ், எனக்குத் தெரிந்தது பட்டறை இங்கிலீஷ். நன்றாகவே ஒத்துப்போயிற்று. ஆலையின் பெயரைச் சொன்னேன். “நானே அங்கேதான் பழம் ஏற்றிப் போகிறேன், ஏறுங்கள்” என்றார். வழியெல்லாம் திராட்சை. பந்தல் கிடையாது, இடுப்பு உயரத்துக்கு வரிசை வரிசையாக வேலி கட்டின மாதிரி நிற்கிறது. ஆலை பக்கம் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். சுற்றிப் பார்க்க என்று சொன்னேன். அவர் என் மடியில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை.

ஆலையை எலேனியின் கொள்ளுத்தாத்தா கட்டினாராம். கல் சுவர், உள்ளே ஜில்லென்று இருந்தது. அறுவடைக் காலம் என்பதால் வாசலில் பழம் வந்து இறங்கியபடி இருந்தது. மூலையில் ஒரு பம்பு முனகிக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது, காயிலும் சூடாகியிருக்கும். சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அந்த வாடை மூக்கில் ஏறியது. புளித்த வாடை. அப்பாவின் சட்டை வாடை. அங்கேயே திரும்பிவிடலாம் என்று இருந்தது எனக்கு.

கூட வந்தவர்கள் ஐந்தாறு வெள்ளைக்காரர்கள். கூட்டிப்போன பெண் கல் தொட்டிகளைக் காட்டினாள், மரப் பீப்பாய்களைக் காட்டினாள், கடைசியில் ஒரு நீள மேஜையில் உட்கார வைத்து ஆளுக்கு நாலு கண்ணாடிக் கோப்பை வைத்தாள். நடுவில் ஒரு மண் ஜாடி. நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“குடிக்க வேண்டியதில்லை அம்மா. வாயில் வைத்துவிட்டு இந்த ஜாடியில் துப்பிவிடலாம்” என்றாள் அந்தப் பெண். “எங்கள் ஒயின் தயாரித்தவர் பல வருஷம் அப்படித்தான் ருசி பார்த்தார். ஒரு மடக்குகூட விழுங்கி நாங்கள் பார்த்ததில்லை. துப்பிவிட்டு மூன்று தடவை வாயைக் கொப்பளிப்பார். கேட்டால், என் அப்பா தன் பங்கையும் குடித்துவிட்டார், என் பங்கையும் அவரே குடித்துவிட்டார் என்று சிரிப்பார். அதோ, அவர்தான்.”

சுவரில் தங்கராசு. தலை நரைத்திருந்தது. நான் பார்க்காத நரை. கையில் திராட்சைக் கொத்து, முகத்தில் அதே பதினோரு வயசுச் சிரிப்பு. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ‘ஐயோ சாமி’ என்று வாய்விட்டு அழுதேன். வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கறுப்பு உடையில் ஒரு பெண் வந்தாள். என் முகத்தையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு.

“அக்கா” என்றாள் எலேனி.

கட்டிக்கொண்டு அழுதோம். அதற்கு மொழி எதுவும் தேவைப்படவில்லை. பிறகு வீட்டுக்குள் கூட்டிப் போய் மொச்சை மாதிரி ஒரு பயறுச் சாறும் ரொட்டியும் வைத்தாள். என் கடிதங்களைப் பார்த்தாளாம், பதில் எழுதக் கை வரவில்லையாம். அலமாரியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. அதுதான் அவன். நான் தூக்குப்போசியை எடுத்து வைத்து, பட்டறை இங்கிலீஷிலேயே பேரூரைப் பற்றி, ஆற்றைப் பற்றி, அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். “ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மாசம் முடிகிறது. அன்றைக்கு அவர் முதன்முதலில் கிளை வெட்டிக் கவாத்து செய்த கொடியின் அடியில் வைக்கலாம் என்று இருக்கிறேன்” என்றாள்.

ஒயின் கொடிக்கு உரமாகவா என் தம்பி? சுருக்கென்றது. ஆனாலும் துக்க வீட்டில் வழக்கு பேசக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். “எனக்குக் குடுத்துரு அம்மணி” என்று மட்டும் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் நான் தங்க எடுத்திருந்த அறைக்குப் போக வேண்டும். எழுந்தேன், செருப்பைப் போட்டேன், நடந்தேன். பின்னால் “அக்கா” என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் போனால் கேட் சாத்தியிருந்தது. நேற்றுக் கூட்டிப் போன பெண் வந்து, அறுவடை வேலை, இன்றைக்கு யாரையும் பார்ப்பதற்கில்லை என்றாள். நான் தங்கராசுவின் அக்கா என்றேன். “தெரியும். எலேனிதான் அப்படிச் சொல்லச் சொன்னார்” என்றாள். போன் செய்தேன், எடுக்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை தூரம் கடல் தாண்டி வந்தவளை வாசலில் நிறுத்துகிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று தமிழிலேயே சத்தமாகக் கேட்டேன். வாசலில் நிறுத்துவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. எதிரில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

உச்சி வெயிலில் யோர்கோஸின் பிக்கப் பழத்தோடு வந்தது. என்னைப் பார்த்து நிறுத்தினார். நான் யார் என்று அவரிடம் அப்போதுதான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். “தங்கா என் நண்பன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்து வந்தவர் என் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தார்.

“நேற்று அந்தச் சொல்லைச் சொல்லாமல் போனீர்களாம். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லையாம்.”

“எந்தச் சொல்லு?”

“வாரேன்.” அவர் வாயில் அந்தச் சொல் கல்லாட்டம் உருண்டு வந்தது. “தங்கா அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், திரும்பி வருவேன் என்றுதான் சொல்வார்கள், அதைச் சொல்லாமல் ஒருவர் போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம் என்று. கொடியடி பிடிக்கவில்லை என்பதால் நீங்கள் அறுத்துவிட்டுப் போனதாக நினைக்கிறாள். அவனை அன்றைக்கு அனுப்பின மாதிரியே.”

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். “ஏனுங்க, உள்ள போய்ச் சொல்லுங்க. எழவு ஊட்டுல அதைச் சொல்லக் கூடாதுங்க! சொன்னா அந்த ஊட்டுக்கு மறுபடியும் எழவுக்கு வாரேன்னு ஆயிப்போகுமுங்க. அதனாலதான் பேசாம எந்திரிச்சுப் போவோம், திரும்பிப் பாக்க மாட்டோம்” என்று பாதி தமிழும் பாதி பட்டறை இங்கிலீஷுமாகக் கத்தினேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கேட்டை அவரே திறந்து என்னை உள்ளே தள்ளிவிட்டார்.

எலேனி பழம் பிரித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “இதை அவர் எனக்குச் சொல்லவே இல்லையே” என்றாள்.

“புதுப் பொண்டாட்டிக்கு எழவு ஊட்டு வழக்கத்தை யாரு கண்ணு சொல்லித் தருவாங்க?”

அவள் பிசுபிசுத்த கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கேட் பக்கம் யோர்கோஸ் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. வந்த வேலை முடிகிறதோ இல்லையோ என்று, அந்த பம்பின் பேரிங் போய்விட்டதையும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து மாதுளை உரித்தோம். அங்கே இறந்தவர்களுக்குக் கோதுமையை வேகவைத்து, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, மாதுளை, உலர்ந்த திராட்சை, வாதுமை, சர்க்கரை கலந்து ஊருக்குக் கொடுக்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நமக்கு அது கல்யாணப் பண்டம் மாதிரிதான் தெரியும். நான் அரிசியும் பருப்பும் சேர்த்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினேன். கொதி வந்ததும் எலேனி அடுப்படிக்கு ஓடி வந்தாள். மழை பெய்தால் அவன் இதைத்தான் செய்யச் சொல்வானாம், அவள் செய்தால் ஒரு நாளும் இந்த வாசம் வராதாம். ‘எங்க அக்கா கை’ என்பானாம். கதவைச் சாத்தின கையைப் பற்றியா இப்படிச் சொன்னான்?

ஞாயிறு. எரித்தவர்களுக்குக் கோயிலில் பூசை வைப்பது அங்கே வழக்கமில்லையாம். அதனால் அந்தக் கொடியடியிலேயே அக்கம்பக்கத்தார் இருபது பேர் கூடினார்கள். தொடை கனத்துக்குத் திரண்டு முறுக்கியிருந்தது அந்தக் கொடி. எலேனி பெட்டியைத் திறந்தாள். பாதியை என் தூக்குப்போசியில் அவளே போட்டாள். மீதியைக் குழியில் வைத்தபோது நானும் ஒரு பிடி மண் தள்ளினேன். குடியை வெறுத்துக்கொண்டே அந்தக் கொடியைப் பிள்ளை மாதிரி வளர்த்தவன் அவன். அவன் அங்கே இருக்க வேண்டியவன்தான். அதை ஒத்துக்கொள்ள எனக்கு அத்தனை தூரம் வர வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை யோர்கோஸ் வண்டியோடு வந்து நின்றார். காரியம் முடிந்துவிட்டது, இனி அது துக்க வீடு இல்லை. கேட்டில் நின்று எலேனியின் முகத்தைப் பார்த்து, அவள் காதில் நன்றாக விழும்படி, “வாரேன் எலேனி” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடிப்போயிற்று. “இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் அக்கா?” என்று கேட்டாள். “ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் என்னைப் பார்த்து வாரேன் என்றார். இங்கிலீஷில் சொல்லவில்லை, கிரேக்கத்தில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியவில்லை. சும்மா நின்றேன். அது இன்னும் என்னைத் தின்கிறது.”

பதில் தெரியாமல் நின்றவள் அவள். தெரிந்தே சொல்லாதவள் நான்.

“போயிட்டு வான்னு சொல்லணும் கண்ணு.”

எலேனி என்னிடம் சொல்லவில்லை. குனிந்து, மஞ்சள் துணி கட்டிய தூக்குப்போசி மேல் இரண்டு கையையும் வைத்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி “போயிட்டு வா” என்றாள். இரண்டாம் தடவை சொன்னபோது தெளிவாக வந்தது. அப்புறம் நிமிர்ந்து எனக்கும் ஒன்று சொன்னாள்.

ஊர் வந்து மூன்றாம் நாள் பேரூர் படித்துறையில் இறங்கினேன். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருந்தது. ஐயர் சொல்லச் சொன்னதையெல்லாம் சொன்னேன். சாம்பல் உடனே போகவில்லை, காலைச் சுற்றியே கொஞ்ச நேரம் நின்றது. கவிதா மேல் படியிலிருந்து “முடிஞ்சுதுங்களாம்மா?” என்று கேட்டாள். இன்னும் ஒண்ணு இருக்குது என்றேன். தண்ணீரைக் கையால் மெல்லத் தள்ளிவிட்டேன்.

“போயிட்டு வா சாமி.”